இடுப்பளவு தண்ணீர் என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

எங்கள் உயர்நிலைப் பள்ளி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, அப்போது இங்கே பணியாற்றிய ஆசிரியர்கள் பசுமைப் படை மாணவர்களைக் கொண்டு 40 வீடுகளில் விசாரித்து ஒரு சார்ட் தயாரித்திருந்தார்கள். கதவு எண்ணுக்கு எதிரே ‘முழங்கால்’, ‘இடுப்பு’, ‘மார்பு’, ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கும். நல்ல வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது ‘வரவில்லை’ என்று எழுதப்பட்ட வீடுகள் சிலவற்றிலும் தண்ணீர் புகுந்தது. அடுத்த கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு அந்தச் சார்ட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தோம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றையும் இதற்குள் கொண்டுவர முடிந்தது. மற்ற பள்ளிகளிலும் செய்து பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாணவர்களிடம் கேட்டால் பாதிப் பேர், “செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டுட்டாங்க டீச்சர்” என்றார்கள். வீட்டில் கேட்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் போகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீரின் வழி வேறு. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணையில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரில் பெய்யும் மழை அடையாற்றுக்குப் போகிறது.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கணினி அறையில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, “கடலிலிருந்து பின்னாடியே போங்க, எந்த ஏரி வரைக்கும் போக முடியுதுன்னு பாருங்க” என்று விட்டேன். ஒரு முழுப் பாடவேளை ஆயிற்று. நடுவில் சில வாய்க்கால்கள் கட்டடங்களுக்குள் போய் மறைந்தன. “இங்க காணாமப் போச்சு டீச்சர்” என்று ஒருவன் சொன்ன இடத்தில் சிவப்புக் குறி வைத்துக்கொண்டோம்.

மழைக் கணக்குக்கு ஒரு வாய்பாடு போதும். 1 சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 1 கோடி லிட்டர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை சுமார் 49 சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் 49 கோடி லிட்டர். வயலும் ஏரியும் இருந்தால் அதில் ஒரு பங்கு மண்ணில் இறங்கும், ஒரு பங்கு நிற்கும். தார்ச்சாலையும் மொட்டை மாடியுமாக இருந்தால் கிட்டத்தட்ட முழுவதும் ஓடும், அதுவும் சீக்கிரமாக ஓடி வந்து சேரும். பழைய ஆய்வை அப்படியே வைத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு காரணம். அதே மழை பெய்தாலும் அதே வெள்ளம் வருவதில்லை.

கீழ்முனையையும் பார்க்க வேண்டும். மிக்ஜாம் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தது. கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது கழிமுகத்தில் தண்ணீர் வடிவது மந்தமாகிவிடும். குளியலறைத் தண்ணீர் போகும் சாக்கடை நிறைந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடுகிறது.

யாருடைய இடுப்பு?

சார்ட்டில் உள்ள ‘இடுப்பளவு’ யாருடையது என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பாடமே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. வளர்ந்த ஆணின் இடுப்பும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய சிக்கல், எங்கே நின்ற இடுப்பு என்பது. தெருவில் நின்று சொன்னார்கள். அந்தத் தெரு 2015-க்குப் பிறகு மேலே மேலே போடப்பட்டு உயர்ந்திருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவிட்டது. அதற்கு முன் ஏறிய உயரம் அப்படியேதான் இருக்கிறது. 2015-ல் படியேறிப் போன வீடுகளில் சில இன்று படியிறங்கிப் போகின்றன. 2023-ல் புதிதாகத் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவை இவைதான்.

எனவே நகராத ஒரு புள்ளி தேவைப்பட்டது. எங்கள் கொடிக்கம்ப மேடையின் மேல்விளிம்பை அடையாளமாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வெள்ளத் தடமும் அதற்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்பதே இனி அளவு.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மாணவனின் அப்பா கொத்தனார். அவர் ஒரு சனிக்கிழமை காலை தன் டியூபோடு வந்தார். 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். “உள்ள காத்து முட்டை நின்னா மட்டம் பொய் சொல்லும் டீச்சர், முதல்ல அதைத் தட்டி வெளிய எடுக்கணும்” என்றார். நடக்கும்போது முனைகளைக் கட்டைவிரலால் மூட வேண்டும், மட்டம் பார்க்கும்போது இரண்டையும் திறக்க வேண்டும். பாஸ்கல் விதியைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். குழாயின் இந்த முனையைச் சற்று உயர்த்தினால் அந்த முனையில் தண்ணீர் ஏறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தது எனக்கே புதிது.

பதினைந்து பதினைந்து மீட்டராகத் தெருவில் முன்னேறிப் போக வேண்டும். கடைசியில் வேறு வழியாகச் சுற்றிக் கொடிக்கம்பத்துக்கே திரும்பி வந்து பூஜ்யம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை யாரும் விட்டுவிடாதீர்கள். ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. ஒரு சாண் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும்.

தடத்தை எங்கே பார்ப்பது?

சுவர்க் கறையை நம்பக் கூடாது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை மேலே உறிஞ்சும். கறையின் உச்சி, தண்ணீர் நின்ற மட்டத்தைவிட மேலே இருக்கும். ஜன்னல் கண்ணாடியில், இரும்பு கேட்டில், மீட்டர் பெட்டியில் படிந்த சேற்றுக் கோடுதான் சரியான சாட்சி. அடுத்து, கைபேசிப் படங்கள். 2023-ல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் படம் எடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் இருக்காது, எடுத்தவரின் கைபேசியிலேயே பார்க்க வேண்டும். நேரத்தோடு படம் கிடைத்தால் உயரம் மட்டுமல்ல, தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் படிக்கட்டில் இருந்தது என்பதும் கிடைக்கிறது. அதை வரைபடத் தாளில் போட்டால் தண்ணீர் ஏறிய வேகம் தெரியும்.

வீடுகளுக்குப் போகும்போது இரண்டு விஷயம். ஒரு வீட்டு உரிமையாளர், “இதெல்லாம் எழுதி மாட்டினா வாடகைக்கு யாரு வருவாங்கம்மா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வரைபடத்தில் கதவு எண்களை எடுத்துவிட்டுத் தெருப் பகுதிகளாக மட்டும் நிறம் தீட்டினோம். அளவு எடுக்க வேண்டாம் என்று சொன்ன வீடுகளை விட்டுவிட்டோம். இன்னொன்று பிள்ளைகளைப் பற்றியது. அந்த இரவை மொட்டை மாடியில் கழித்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அவர்களைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பையன் தன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றான், அடுத்த தெருவில் குழாய் பிடித்தான். அது போதும்.

சிவப்புச் சீட்டு

“நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் வந்து போயிடுச்சு, இனிமே நம்ம காலத்துல வராது” என்பது பெரியவர்களும் சொல்வது. நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 100-ல் 1 வாய்ப்பு. சென்ற ஆண்டு வந்தது என்பதற்காக இந்த ஆண்டு வாய்ப்பு குறையாது. வகுப்பில் இதைப் பத்தாண்டு வெள்ளமாக மாற்றிக்கொண்டோம். டப்பாவில் 10 சீட்டு, ஒன்று சிவப்பு. ஒருவர் எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, பத்து முறை எடுக்க வேண்டும். 35 பேர் உள்ள வகுப்பில் 22, 23 பேருக்கு ஒரு முறையாவது சிவப்பு வரும் என்பது கணக்கு. சிலருக்கு இரண்டு முறை, மூன்று முறை வரும். நூறாண்டு வெள்ளத்தை 30 ஆண்டு வீட்டுக் கடனோடு சேர்த்துப் பாருங்கள். கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம் சுண்டுவதைவிட இது மனதில் நிற்கிறது.

வரைபடம் சொன்னது

எல்லா அளவுகளையும் ஒரே தாளில் போட்டதும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. எங்கள் பள்ளிதான் நிவாரண மையம். 2015, 2023 இரண்டிலும் வகுப்பறைத் தரை நனையவில்லை. ஆனால் பள்ளிக்கு வரும் சாலை சிறுபாலத்துக்கு அருகே பள்ளமாக இறங்கி ஏறுகிறது. கீழ்த்தெருவில் மிகத் தாழ்வான வீட்டின் வாசற்படியைத் தண்ணீர் தொடும்போது, சிறுபாலத்தில் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பவர்கள் எங்களிடம் வந்து சேர முடியாது. கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் நிச்சயமாக முடியாது. பழைய சார்ட்டில் வீடுகள் மட்டும் இருந்தன, பாதை இல்லை.

இதைத் தலைமையாசிரியர் வழியாக வார்டு அலுவலகத்துக்குக் கொடுத்தோம். உதவிப் பொறியாளர் நேரில் வந்து, மாணவர்களோடு டியூப் பிடித்துச் சிறுபாலத்தில் அளந்து பார்த்துவிட்டு ஒரு நகல் வாங்கிப் போனார். கீழ்த்தெருவுக்குப் பாலத்தைக் கடக்காமல் போகக்கூடிய கல்யாண மண்டபம் ஒன்றை மையமாக அறிவிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. அதுவரை பாலத்தின் கைப்பிடித் தூணில், அனுமதி பெற்று, இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறோம். மஞ்சள் கோட்டைத் தண்ணீர் தொட்டால் கீழ்த்தெருக்காரர்கள் கிளம்ப வேண்டும். சிவப்பைத் தொட்டுவிட்டால் பாலத்துக்கு வராமல் மாடிக்குப் போக வேண்டும். கோட்டைப் பார்க்கப் பிள்ளைகள் போகக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. பாலத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார். அவர் அழைக்க வேண்டிய 11 எண்கள் கடைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்த எண்களை அழைத்துச் சரிபார்ப்பது ஒன்பதாம் வகுப்பின் வேலை.