பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்ற...

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரமேறினால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

● பிரேக் ஆயில் டேங்க் மூடியில் குறித்துள்ள வகையையே, சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள்.

● சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள்.

● டேங்கிலுள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.

● எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்று காரின் கையேட்டில் பாருங்கள்.

● அந்தச் சக்கரத்தின் பிரேக்கிலுள்ள பிளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் திருகு) டியூபை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள்.

● ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இல்லையேல் காற்று புகுந்துவிடும்.

● குமிழ் நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை தொடருங்கள். இடையிடையே டேங்கை நிரப்புங்கள்.

● பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பெடல் கெட்டிப்படாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்.