கார்த்திகையில் கசிவைத் தேடுங்கள், பெயிண்ட் மாசியில் அடிக்கலாம்

சென்னையிலும் அதை ஒட்டிய கடலோர ஊர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போருக்கான கார்த்திகை மாத ஆலோசனை இது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. ஐப்பசியில் உள்ளே இறங்கிய நீரைச் சுவர்கள் இப்போது காட்டத் தொடங்கியிருக்கும். பெயிண்ட் உப்பியிருக்கும், பரண் மூலையில் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும், அலமாரியைத் திறந்தால் மக்கல் வாடை அடிக்கும். உடனே பெயிண்டரைக் கூப்பிடத் தோன்றும். தயவுசெய்து கூப்பிடாதீர்கள். ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சில மாதங்களில் எல்லாம் பொருமி உதிரும். நீர் எந்த வழியாக வருகிறது என்பது மழை பெய்யும்போதுதான் தெரியும். தை பிறந்து சுவர் காய்ந்துவிட்டால் எவ்வளவு தேர்ந்த கொத்தனாரும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தப் பருவத்தில் மழையைக் காற்று வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிப்பதால் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்கள்தான் அதிகம் நனைகின்றன. அவற்றை ஒட்டி நிற்கும் பீரோ, கட்டில், புத்தக அலமாரியை இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், நேரே பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பும் உப்பல்கள் நிழலாக எழுந்து தெரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிக்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. நகர்த்த முடியாத வார்ட்ரோப் என்றால் கடைசி இழுப்பறையைக் கழற்றிவிட்டு மூலையில் இருக்கும் பிளைவுட்டைத் தொட்டுப் பாருங்கள். நமுத்திருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். சமையலறை சிங்க்கின் அடிப்பகுதியையும், ஏசி குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். சறுக்குச் சன்னல்களின் கீழ்ச் சட்டத்தில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை தூசியால் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்பக்கச் சுவரில் இறங்கும். ஒரு பழைய பல்துலக்கியால் குத்திவிட்டாலே பல வீடுகளில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஈரத்தைக் கண்ட இடத்தில் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிப் படம் எடுத்து வையுங்கள். இந்த மாதத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். மழை நாளில் ஈரம் கோட்டைத் தாண்டி, வெயில் காயும் நாளில் சுருங்கினால், வெளிச்சுவர் விரிசல், சன்னல் விளிம்பு, மொட்டைமாடி என்று தேட வேண்டும். மழை வந்தாலும் நின்றாலும் ஒரே அளவில் இருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகியுங்கள்.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயிண்ட் உதிர்கிறதா? பலரும் இதை மழையின் வேலை என்று எண்ணிக்கொண்டு வெளிச்சுவருக்குச் செலவழிக்கிறார்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் குளியலறைத் தளத்தை மட்டும் தாழ்த்திக் கட்டி, அதில் கழிவுக் குழாய்களைப் பதித்து, உடைந்த செங்கல் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கிலும் டிராப்பின் ஓரத்திலும் இறங்கும் நீர் அந்த நிரப்பலில் தேங்கி நிற்கும். பிறகு மெல்லப் பக்கத்துச் சுவரில் ஏறும், அல்லது கீழ் வீட்டின் கூரையில் சொட்டும். இன்னொரு குளியலறை இருந்தால் ஒரு வாரம் அதைப் பயன்படுத்துங்கள். ஈரம் பென்சில் கோட்டிலிருந்து பின்வாங்கினால் காரணம் பெரும்பாலும் குளியலறைதான். உறுதிசெய்ய, கீழ் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, டிராப்பை அடைத்து ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். டைல்ஸ் இடுக்கில் எபாக்சி கிரவுட் நிரப்புவது சில ஆண்டுகளுக்குத் தாங்கும். கீழே நிரப்பல் முழுக்க ஊறிவிட்டிருந்தால் தோண்டித்தான் ஆக வேண்டும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்ற குழப்பத்துக்கும் எளிய சோதனை உண்டு. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம்தான் அங்கே படிகிறது. இதற்குக் கொத்தனார் தேவையில்லை. வீட்டுக்குள் துணி உலர்த்துவதைக் குறைத்து, குளித்த பிறகு எக்சாஸ்ட் மின்விசிறியை இருபது நிமிடம் ஓடவிட்டு, பீரோக்களைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்தாலே மாற்றம் தெரியும். மழை பெய்யும்போது சன்னலைத் திறந்து வைத்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். வெயில் எட்டிப் பார்க்கும் பகல் வேளையில் திறங்கள். மற்ற நேரத்தில் ஏசி இருந்தால் ‘டிரை’ முறையில் ஓட்டுங்கள்.

சுவரில் பூத்திருப்பது வெள்ளையாக, தேய்த்தால் நறநறக்கும் மாவாக, தண்ணீர் பட்டதும் கரைவதாக இருந்தால் அது உப்பு. கறுப்பாகவோ பச்சையாகவோ படர்ந்து, துடைத்தால் தீற்றலாக இழுபட்டு, வாடையும் அடித்தால் பூஞ்சை. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் மறுநாளுக்குள் மெத்தையையும் அட்டைப் பெட்டிகளையும் தூக்கிக் காயவைப்பதே முதல் வேலை.

ஏறத்தாழ 10 சதுர அடிக்குள் உள்ள பூஞ்சையை நீங்களே துடைக்கலாம். ஆஸ்துமாக்காரர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்போர், குழந்தைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் வித்துக்கள் வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத்தூள் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பூஞ்சை ஏறிய தலையணை, மெத்தை, ஏடு ஏடாகப் பிரிந்த பிளைவுட் ஆகியவற்றைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மிக முக்கியமாக, பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைபட்ட குளியலறையில் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

சுவிட்ச் பெட்டியைச் சுற்றி ஈரம் தெரிந்தால் அந்த வழிக்கான எம்.சி.பி.யை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கூரை கான்கிரீட் பெயர்ந்து துருக்கறை தெரிந்தால் சிமென்ட் பூசி மறைக்காமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

மேல் வீட்டுக் கசிவு என்றால் சண்டைக்குப் போகுமுன் தேதியிட்ட படங்களோடு சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். புதிய குடியிருப்பு என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. ஐந்தாம் ஆண்டு முடியப்போகிறவர்கள் இந்த மழைக்குள்ளேயே கடிதம் அனுப்பிவிடுங்கள்.

தையில் விரிசலும் குழாயும் சரிசெய்து, பொக்கான பூச்சை உடைத்தெடுத்து, சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். மாசியில் அதே இடத்தில் மறுபடி பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பாருங்கள். சுவர்ப்பக்கம் வியர்க்கவில்லை என்றால் பிரைமருக்கு நாள் குறிக்கலாம்.