அட்டை போடும் பெருங்கணக்கு

கடையில் பொருள் வாங்கியவர் தம் வங்கி அட்டையை வாசிப்புக் கருவியின் அருகே காட்டுகிறார். ‘பீப்’ என்று ஓர் ஒலி எழுகிறது, பணம் செலுத்தியாகிவிட்டது. அந்தக் கண நேரத்தில் அட்டைக்குள் இருக்கும் சில்லு ஒரு பெரிய கணக்கைப் போட்டு முடித்திருக்கக்கூடும் என்பதைப் பலரும் அறிவதில்லை.

முன்பு வங்கி அட்டைகளில் கருநிறக் காந்தப் பட்டை மட்டுமே இருந்தது. அதிலுள்ள விவரங்களைத் திருடர்கள் எளிதில் நகலெடுத்துப் போலி அட்டைகளைச் செய்தனர். இம்மோசடியைத் தடுக்கவே மலேசிய வங்கிகள் 2005ஆம் ஆண்டு வாக்கில் கடன் அட்டைகளில் சில்லுக்கு மாறின.

சில்லுக்குள் ‘தனித் திறவுகோல்’ எனப்படும் இரகசிய எண் ஒன்று இருக்கும். அது வெளியே வருவதே இல்லை. வாசிப்புக் கருவி ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை அனுப்பும். சில்லு தன் இரகசிய எண்ணைக் கொண்டு அதற்கு மின்னியல் கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்பும். அனைவரும் அறியக்கூடிய ‘பொதுத் திறவுகோல்’ மூலம் கருவி அதைச் சரிபார்க்கும். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977ஆம் ஆண்டு உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்னும் முறையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் மிகப் பெரியவை. 1,024 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தாளில் எழுதினால் 300க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். ஒரு கையொப்பத்தை நேரடி வழியில் கணக்கிட, அத்தகைய எண்களை ஏறத்தாழ 1,500 முறை பெருக்க வேண்டும். முந்தைய சில்லுகள் பலவற்றில் இருந்த எளிய செயலியோ ஒரு நேரத்தில் 8 பிட்களை மட்டுமே கையாண்டது. ஆகவே, ஒரு பெரிய பெருக்கலுக்குள் 16,384 சிறு பெருக்கல்கள் அடங்கும். மொத்தம் சுமார் 25 மில்லியன்! ஒவ்வொன்றுக்கும் பத்துத் துடிப்புகள் ஆகும் என்று கொண்டால், வினாடிக்கு 5 மில்லியன் முறை துடிக்கும் செயலிக்கு 50 வினாடிகள் பிடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் பொறுப்பார்களா?

வேகமான பெரிய செயலியை வைக்கவும் வழியில்லை. தொடாமல் காட்டும் அட்டையில் மின்கலம் கிடையாது. வாசிப்புக் கருவி பரப்பும் ரேடியோ அலையிலிருந்து பெறும் சிறிதளவு மின்சாரமே அதற்கு உணவு.

எனவே, பொறியாளர்கள் பெருக்கலுக்கென்றே ஒரு துணைச் செயலியைச் சில்லுக்குள் அமைத்தனர். அது 32 பிட்களை ஒரே வீச்சில் பெருக்கினால், 16,384 என்பது 1,024 ஆகக் குறைந்துவிடும். பெருக்கிய பின் வகுத்து மீதி காணும் வேலையும் உண்டு. வகுத்தல் மிக மெதுவானது. 1985இல் பீட்டர் மான்ட்கோமரி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், அந்த வகுத்தலைத் தவிர்க்கும் உத்தியை வெளியிட்டார். பல துணைச் செயலிகள் அவ்வுத்தியையே பின்பற்றுகின்றன.

ஆயினும், வேகம் மட்டும் போதவில்லை. 1996இல் பால் கோச்சர் என்பவர், கணக்கிட ஆகும் நேரத்தை அளந்தே இரகசிய எண்ணைக் கண்டறியலாம் என்று காட்டினார். எளிய முறையில், இரகசிய எண்ணின் பிட் 1 ஆக இருந்தால் ஒரு பெருக்கல் கூடும்; 0 ஆக இருந்தால் கூடாது. பூட்டை உடைக்காமல், வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தே சாவியை அறிவது போன்றது இது. அதன்பின், பொறியாளர்கள் சில சில்லுகளில் 0 வரும்போதும் தேவையற்ற ஒரு பெருக்கலைச் செய்ய வைத்தனர். அரும்பாடுபட்டுச் சேமித்த நேரத்தில் ஒரு பங்கை அவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.