லைசென்ஸ் வேண்டாத ஸ்கூட்டரா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

“இதுக்கு லைசென்ஸ் வேண்டாம் சார், நம்பர் பிளேட் வேண்டாம், பிள்ளைங்களே டியூஷனுக்கு எடுத்துட்டுப் போகலாம்.” மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடைகளில் தினமும் கேட்கிற பேச்சு இது. சில வண்டிகளுக்கு இது உண்மைதான். எந்த வண்டிகளுக்கு என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய முடியாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதற்கு அளவுகோல் இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதை வைத்து வண்டியைப் பாருங்கள்.

மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் அது சட்டத்தின் பார்வையில் ‘மோட்டார் வாகனம்’ அல்ல. ஒன்று தவறினாலும், அது பெட்ரோல் ஸ்கூட்டருக்குள்ள ஏறக்குறைய எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட வண்டி.

முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, ‘டைப் அப்ரூவல்’ சான்றிதழின் நகலை. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் கொடுத்ததாக அது இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள மாடல் பெயரையும் உங்கள் பில்லில் எழுதப்போகும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரு மாடலுக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி இன்னொரு மாடலை விற்பவர்களும் இருக்கக்கூடும். “கம்பெனியில இருந்து வரணும், அப்புறம் தர்றேன்” என்றால், நீங்களும் அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அடுத்து, வண்டியை ஓட்டிப் பாருங்கள். மீட்டர் காட்டும் வேகத்தை மட்டும் நம்பாமல், பின்னால் உட்காருபவரின் கைபேசியில் ஜி.பி.எஸ். வேகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் ஸ்டிக்கரில் 250 வாட்டுக்குக் குறைவு என்று இருந்தும், இரண்டு பேரோடு மேம்பாலத்தைச் சுணங்காமல் ஏறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் “லாக் எடுத்துத் தரட்டுமா?” என்ற கேள்வி வரும். சீட்டுக்கு அடியில் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு சின்ன ஒயரின் இணைப்பைக் கழற்றிவிட்டால் சில வண்டிகள் 40-ஐத் தொடும். மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் வண்டி, பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் சாலையில் ஓடும் மோட்டார் வாகனமாகிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு முதல்முறை 2,000. பதிவில்லாததற்கு 5,000 வரை. அபராதத்தையாவது கட்டிவிடலாம். யார் மீதாவது மோதி அவர் காலை இழந்தால், நஷ்ட ஈட்டைக் கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்காது, உங்கள் சொத்துதான் பதில் சொல்ல வேண்டும். வேகம் தேவையென்றால் முறையாகப் பதிவாகும் வண்டியையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

அப்படிப் பதிவாகும் வண்டியென்றால் வேலை சுலபம். பதிவை ஷோரூமே செய்துதரும். பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. மின் வண்டிகளுக்கு ஆர்.சி. கட்டணம் கிடையாது என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பில்லில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்’ என்று ஒரு தொகை தெரிந்தால், எதற்கு என்று வரிவாரியாகக் கேளுங்கள். புது வண்டிக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். புகைச் சான்றிதழ் மட்டும் தேவையில்லை.

லைசென்ஸைப் பொறுத்தவரை பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கார் லைசென்ஸ் இதற்குச் செல்லாது. கியர் இல்லாத இருசக்கர வண்டி என்ற பிரிவு உங்கள் அட்டையில் இருக்க வேண்டும்; கியர் வண்டிக்கு வாங்கியிருந்தால் அதுவே போதும். இரண்டும் இல்லையென்றால் பரிவாகன் தளத்தில் எல்.எல்.ஆர். எடுத்து, முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டுங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும்.

பதிவு வண்டியின் சாவியை 18 வயது நிறையாத, லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் கொடுத்து, அந்தப் பிள்ளை ஏதேனும் குற்றத்தில் மாட்டினால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் எனக்குக் கடுமையாகப் பட்ட பிரிவு இதுதான்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. விலக்குள்ள சின்ன வண்டிக்குச் சட்டம் வற்புறுத்தாது என்றாலும், தார்ச்சாலைக்கு வாட் கணக்குத் தெரியாது.

பதிவு வண்டிக்கு ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், போலீஸ் கேட்டால் கைபேசியில் காட்டலாம். விலக்குள்ள வண்டியில் நம்பர் பிளேட் இல்லாததால் அடிக்கடி நிறுத்துவார்கள். சான்றிதழ் நகலையும் பில்லையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்கு அடியில் எப்போதும் வைத்திருங்கள்.