ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதற்கு முன்

அன்புள்ள செல்விக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "போன்ல சார்ஜ் ஏற மாட்டேங்குது மாமா. ஹாஸ்டல் பக்கத்துக் கடையில காட்டினா, போர்ட் போச்சு, மாத்தணும்ங்கிறாங்க. நானே சரி பண்ண முடியாதா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்குச் சார்ஜ் என்றால் நாளைக்கு ஹேங், அடுத்த மாதம் டவர் பிரச்சினை என்று வரிசையாக வரும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன் ரிப்பேரில் கை வேலை குறைவு, விசாரணைதான் அதிகம். என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்னால் என்ன நடந்தது? கீழே விழுந்ததா, நனைந்ததா, புதிதாக ஆப் ஏதும் போட்டீர்களா, அப்டேட் வந்ததா, சார்ஜரை மாற்றினீர்களா? இதற்கு நேர்மையாகப் பதில் கிடைத்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, வேலை செய்யும் வரிசை. எதைச் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாமோ அதை முதலில் செய். திரும்ப முடியாததைக் கடைசியில் வை. போனை அணைத்துப் போடுவதால் எதுவும் கெடாது. ஆனால் ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகு, பேக்கப் எடுக்காத போட்டோ போனது போனதுதான். கூடவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இதை உன் சார்ஜ் விஷயத்திலேயே செய்து பார்ப்போம். சந்தேகப்பட வேண்டியவை நான்கு: பிளக் பாயின்ட், சார்ஜர், கேபிள், போன். முதலில் வேறு பிளக் பாயின்ட். அப்புறம் அதே சார்ஜரில் தோழியின் கேபிள். அப்புறம் வேறு சார்ஜர். இவற்றில் முதலில் சாகிறது பெரும்பாலும் கேபிள்தான். முனையருகே மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். உன் கேபிளில் தோழியின் போன் நன்றாகச் சார்ஜ் ஏறி, அவள் கேபிளிலும் உன் போன் ஏறவில்லை என்றால்தான் போன் பக்கம் வர வேண்டும்.

அப்போதும் போர்ட் போயிற்று என்று முடிவு கட்டிவிடாதே. போனை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சை அடித்து சார்ஜ் துளைக்குள் பார். ஜீன்ஸ் பாக்கெட்டிலும் கைப்பையிலும் இருக்கிற பஞ்சும் தூசியும் உள்ளே போய், ஒவ்வொரு முறை கேபிளைச் சொருகும்போதும் அழுத்தப்பட்டு, அடியில் மெத்தை போலப் படிந்திருக்கும். கேபிள் கடைசி வரை இறங்காமல் லேசாக ஆடுவதும், ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுவதும் இதற்கு அடையாளம். மரத்தால் ஆன பல்குத்தும் குச்சியை எடுத்து, சுவரோரமாக மெதுவாக இழு. டைப்-சி துளை என்றால் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். தொடர்பு முனைகள் அதில்தான் இருக்கின்றன, அதைத் தொடாதே. ஊசி, சேஃப்டி பின், ஹேர்பின் எதுவும் வேண்டாம். உலோகம் பட்டால் முனை வளையும். வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சு வெளியே வந்தபின் கேபிளைச் சொருகினால் "டக்"கென்று உட்கார வேண்டும். அது உட்கார்ந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சிம் டிரேயைத் திறக்கும் பின்னைக் குத்துவதற்கு முன் எந்தத் துளை என்று பார்த்துக்கொள். போனின் விளிம்பில் இருக்கிற இன்னொரு சிறு துளை மைக். அதில் குத்திவிட்டு, "நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்கல" என்று வருகிறவர்கள் உண்டு.

பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்பது அடுத்த புகார். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு குடித்தது என்று வரிசையாகக் காட்டும். நீ அதிகம் திறக்காத ஆப் மேலே நின்றால் அதுதான் குற்றவாளி. பின்னணியில் இயங்கவிடாமல் தடு, அல்லது நீக்கிவிடு. பட்டியலில் தப்பு எதுவும் இல்லை, போன் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டது என்றால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது. லித்தியம் அயான் பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெருமை உள்ள பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஐம்பது சதவீதம் வீதம் இரண்டு தடவை ஏற்றினால் ஒரு சுற்று என்று கணக்கு.

பேட்டரியைக் கொல்வது சூடு. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவதும், சித்திரை வெயிலில் வண்டியின் முன்பக்கம் மாட்டி மேப் பார்ப்பதும்தான் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. போனின் பின்மூடி உப்பியோ, டிஸ்ப்ளே ஓரம் தூக்கியோ இருந்தால் உள்ளே பேட்டரி வாயு கட்டி வீங்கியிருக்கிறது என்று பொருள். அழுத்தாதே, குத்தாதே, சார்ஜ் போடாதே. அணைத்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போ.

போன் ஹேங் ஆகிறதா? ஒரு முறை அணைத்துப் போடு. தடுமாறி நின்ற ஆப்கள் எல்லாம் நினைவகத்திலிருந்து வெளியேறிப் புதிதாகத் தொடங்கும். திரை அசையாமல் உறைந்துவிட்டால், பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் தானே அணைந்து எழும்.

அப்படியும் மெதுவாகவே இருந்தால் ஸ்டோரேஜைப் பார். பத்து சதவீதத்துக்குக் கீழே காலியிடம் போனாலே தொல்லை தொடங்கிவிடும். நம் ஊர்ப் போன்களில் இடத்தை அடைப்பது காலை வணக்கப் படங்களும் குடும்பக் குரூப் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் போனால், பெரிய கோப்புகளையும் பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டும், அங்கேயே அழிக்கலாம். ஏதாவது ஓர் ஆப் மட்டும் தகராறு செய்தால் அதன் கேஷை அழி. அது தற்காலிகக் குப்பை, போனால் நஷ்டமில்லை. பக்கத்திலேயே டேட்டாவை அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஆப்பில் நீ சேர்த்துவைத்தது எல்லாம் போய்விடும். நான் வரிசை என்று சொன்னது இதற்காகத்தான்.

எந்த ஆப் என்று தெரியாமல் போன் தானே அணைவதும், விளம்பரம் குதிப்பதுமாக இருந்தால் சேஃப் மோடில் போட்டுப் பார். பல ஆண்ட்ராய்டு போன்களில், பவர் ஆஃப் என்று திரையில் வரும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த வழி வரும். அதில் நீ இறக்கிய ஆப்கள் எதுவும் இயங்காது. அங்கே போன் சாதுவாக இருந்தால், கோளாறு நீ சமீபத்தில் இறக்கிய ஏதோ ஒன்றில். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கு.

டவர் வரவில்லை என்றால் விமான முறையை ஆன் செய்து, அரை நிமிடம் விட்டு, ஆஃப் செய். அதற்கும் வரவில்லையா? சிம்மை எடுத்து இன்னொரு போனில் போடு. அங்கேயும் வராவிட்டால் சிம் அல்லது கம்பெனி பக்கம் கோளாறு. அங்கே வந்தால் உன் போனில் நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய். போட்டோ எதுவும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் புளூடூத் இணைப்புகளையும் மட்டும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

டச் தானாக அங்குமிங்கும் குதிக்கிறதா? சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் என்றால் மட்டமான சார்ஜர். எப்போதும் என்றால் முதலில் டெம்பர் கிளாஸைக் கழற்றிப் பார். போன் பேசும்போது திரை இருண்டு, காதிலிருந்து எடுத்தாலும் வெளிச்சம் வராமல் இருப்பதற்கும் மேலே இருக்கிற சென்சாரை மறைத்து ஒட்டிய கிளாஸ் காரணமாகலாம். டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த காம்போவை மாற்ற வேண்டும் என்று காசு கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடு.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணை. சார்ஜ் போடாதே, ஹேர் டிரையர் காட்டாதே. அரிசி டப்பாவில் புதைப்பதும் வேண்டாம். அரிசியின் சிறு துணுக்குகள் போனுக்குள் போய்க் கெடுதல் செய்யலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. துளை கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டி நீரை வடி. சிம் டிரேயை எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் ஒரு நாளாவது வை. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்றால் காத்திருக்காதே. உள்ளே அரிப்பு தொடங்கிவிடும், கடைக்குக் கொண்டு போ. பல போன்களில் சிம் துளைக்குள் வெள்ளை ஒட்டு ஒன்று இருக்கும். நீர் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். "நனையவே இல்லை" என்று அங்கே சாதிப்பதில் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பார்த்துப் பின்மூடியைச் சூடுகாட்டித் திறக்காதே. மூடிக்கும் போர்டுக்கும் நடுவே காகிதம் போன்ற ஸ்ட்ரிப்கள் ஓடுகின்றன. ஒன்று கிழிந்தால் விரல்ரேகை சென்சாரோ பொத்தானோ செத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி அழைப்பது. எதிர்முனையில் இருப்பவன் உன் திரையை அவன் பார்க்கும்படியான ஆப் ஒன்றை இறக்கச் சொன்னால் உடனே துண்டித்துவிடு. உன் வங்கிக் கணக்கைக் காலி செய்ய அது போதும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழை.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றானால், வெறுங்கையோடு போகாதே. என்னென்ன செய்து பார்த்தாய் என்பதைச் சொல்: "கேபிள் மாற்றிப் பார்த்தேன், போர்ட்டைச் சுத்தம் செய்தேன், அப்படியும் ஏறவில்லை." இப்படிப் பேசுகிறவரிடம் தேவையில்லாத பாகத்தைத் தலையில் கட்ட யாரும் யோசிப்பார்கள். போவதற்கு முன் பேக்கப் எடு. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை நோட்டில் குறித்துவை. போன் தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கவும் அதே எண்தான் வேண்டும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதே. சாம்சங் போன்களில் இதற்கென்றே பராமரிப்பு முறை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் உன் படங்களையும் செய்திகளையும் பழுது பார்ப்பவர் காண முடியாது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்.

முதலில் கேபிளையும் போர்ட்டையும் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கோளாறு நின்றது என்று எழுது. போர்ட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தக் கடைக்காரரிடம் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா, எத்தனை நாள் வாரண்டி என்று கேட்டுவிட்டு எனக்குச் சொல். நியாயமான விலையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா