பேரப்பிள்ளைகளோடு பழவேற்காடு

நண்பர்கள் கூடிப் போகிறீர்களா? குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கும்போதே பிரித்துக்கொள்ளுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கலாம்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை.

படகுக்காரர் எவ்வளவு ஆசை காட்டினாலும் ஏரிச் சவாரி வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம்; பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். கரையில் வலை பிரிப்பதை வேடிக்கை பார்த்தாலே பொழுது போய்விடும்.

டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பொடிசுகள் பயப்படலாம், பெரிய பசங்களுக்குக் கொண்டாட்டம்தான்! பூநாரை பார்க்கக் குளிர்காலமே சரி. தொப்பி, குடிநீர், மாற்றுத் துணி அவசியம்.

மீன் வாங்க ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி கொண்டுபோங்கள். நண்டைத் தூக்கிப் பாருங்கள். கனத்தால்தான் சதை இருக்கும்.