நாலு டயரும் பாறையில்: ஆர்.சி. கிராலருக்கு ஷாக் தேர்வும் டியூனிங்கும்

பாறைச் சரிவில் பாதி தூரம் ஏறிய கிராலர் அங்கேயே நின்றுவிடுகிறது. இடது முன் டயர் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வலது முன் டயரோ இரண்டு விரற்கடை உயரத்தில், எதையும் தொடாமல் காற்றில் சுற்றுகிறது. இன்னும் கொஞ்சம் திராட்டில் கொடுத்தால் வண்டி அப்படியே மல்லாந்துவிடும். இந்த நிலை வந்ததும் பெரும்பாலானவர்கள் டயரை மாற்றுகிறார்கள், பிறகு மோட்டாரை மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கடைசியாக ஸ்கேலை எடுத்து ஷாக்கை அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் முழுசாக நீண்டிருந்தது. பள்ளம் வந்தால் டயர் கீழே இறங்குவதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை.

குதித்து ஓடும் பக்கி வண்டியில் ஷாக்கின் வேலை அடியைத் தாங்குவது. கிராலரில் அந்த வேலை அநேகமாக இல்லை. அது நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போகும் வண்டி. இங்கே ஷாக் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாலு டயரையும் பாறைமேல் அழுத்திவைப்பது. விலையையும் பளபளப்பையும் பார்த்து ஷாக் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். நீளமும், ஸ்பிரிங்கும், பொருத்தும் கோணமும் சரியாக அமைந்தால் வண்டியோடு வந்த பிளாஸ்டிக் ஷாக்கே அருமையாக வேலை செய்யும்.

இங்கே சொல்வதெல்லாம் 1/10 அளவில், முன்னும் பின்னும் திட ஆக்சில் உள்ள வண்டிகளுக்கு. 2016-இல் வந்த ஆக்சியல் எஸ்.சி.எக்ஸ்.10 டூ, 2017-இல் வந்த டிராக்ஸஸ் டி.ஆர்.எக்ஸ்-4 போன்றவை இந்த வகை.

வாங்குவதற்கு முன் எடை

சமையலறைத் தராசு ஒன்று போதும். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, ஓடும்போது எப்படி இருக்குமோ அப்படியே வண்டியைத் தயார் செய்யுங்கள். முன் டயர் இரண்டையும் தராசில் வைத்து, பின் டயர்களுக்கு அடியில் தராசின் உயரத்துக்குப் புத்தகம் வையுங்கள். எடையைக் குறித்துக்கொண்டு அப்படியே பின்பக்கத்துக்கும் செய்யுங்கள். முன்னால் 1,600 கிராம், பின்னால் 1,200 கிராம் என்று வந்தால் நல்ல வண்டி. பின்பக்கம் அதிகம் என்றால் முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். பின்கனமான வண்டியை எந்த ஷாக்கும் செங்குத்தில் ஏற்றாது.

நீளம்

ஷாக் நீளம் என்பது, முழுசாக நீண்டிருக்கும்போது மேல் கண் துளையின் நடுவிலிருந்து கீழ்க் கண் துளையின் நடுவரை உள்ள தூரம். இந்த வகை வண்டிகளில் அதிகம் புழங்குவது 90 மி.மீ., 100 மி.மீ. இரண்டும். நீளமான ஷாக் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும். கூடவே எடையும் மேலே ஏறிவிடும். பக்கச் சரிவில் உருளும் வண்டிகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

நாலு ஷாக்கையும் கழற்றுங்கள். ஆக்சிலைக் கையால் மேலே தள்ளுங்கள். டயர் ஃபெண்டரில் இடிக்கும், அல்லது லிங்க் சேசிஸில் இடிக்கும். இடிப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, ஷாக் மாட்டும் இரண்டு துளைகளுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள். வாங்கப்போகும் ஷாக் முழுசாக அமுங்கும்போது இந்த அளவுக்குக் குறையக் கூடாது. பிறகு ஆக்சிலைக் கீழே தொங்கவிடுங்கள். டிரைவ் ஷாஃப்டின் இரண்டு பாகங்களும் ஒன்றுக்குள் ஒன்று போதுமான அளவு நுழைந்தே இருக்க வேண்டும், மூட்டு இறுகாமல் சுற்ற வேண்டும். அந்த எல்லையைத் தாண்டி ஷாக் நீளக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஷாஃப்டை ஒரு கண்ணாடிமேல் உருட்டுங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். அதைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் கூடாது. நாலையும் கையில் ஏந்தி எடை பாருங்கள். அலுமினிய ஷாக்கின் உடல் வண்டியின் மேல்பகுதியோடு சேர்ந்த எடை, அது குறைவாக இருப்பதே நல்லது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன உருளைகள் பல ஷாக்குகளில் வெறும் அழகுக்குத்தான்.

தொங்கல்

வண்டி நிற்கும் நிலையிலிருந்து டயர் இன்னும் எவ்வளவு கீழே இறங்க முடியும் என்பதைத் தொங்கல் என்று வைத்துக்கொள்வோம். கிராலர் டியூனிங்கில் நான் முதலில் பார்ப்பதும் கடைசியில் திரும்பப் பார்ப்பதும் இதைத்தான்.

பாறை ஒரு டயரை மேலே தள்ளினால் அது தானாக ஏறும். பள்ளத்துக்குள் இறங்குகிற டயரை யார் தள்ளுவது? அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்தான் தள்ள வேண்டும். நிற்கும்போதே கொஞ்சம் அமுங்கியிருந்தால்தான் அதனிடம் தள்ளுவதற்குப் பலம் இருக்கும். ஆகவே முழு எடையோடு நிற்கும்போது ஷாக் தன் ஓட்டத்தில், அதாவது அது நீண்டு அமுங்கும் மொத்தத் தூரத்தில், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுங்கியிருக்க வேண்டும். உதாரணமாக 90 மி.மீ. நீளம், 25 மி.மீ. ஓட்டம் உள்ள ஷாக், வண்டி நிற்கையில் 80 மி.மீ. காட்டினால் 10 மி.மீ. தொங்கல் இருக்கிறது என்று பொருள். அளப்பதற்கு முன் வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, ஒரு சாண் தூரம் உருட்டிவிடுங்கள். இல்லையென்றால் டயர் தரையைப் பற்றிக்கொண்டு பொய்யான அளவு காட்டும்.

அளவுக்கு மிஞ்சிய தொங்கலும் ஆபத்து. செங்குத்தில் ஏறும்போது முன்பக்கத்து எடை பின்னால் போய்விடும். முன் ஸ்பிரிங்குகள் விரிந்து சேசிஸின் முகத்தைத் தூக்கும், வண்டி மல்லாந்துவிடும். அப்போது முன் ஷாக்கைப் பிரித்து, பிஸ்டனுக்குக் கீழே ஷாஃப்டில் 2 அல்லது 3 மி.மீ. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள். ஷாக் அவ்வளவு குறைவாக நீளும். என் வண்டியில் ஏற்றத்துக்கு அதிகம் உதவிய மாற்றம் இந்தத் துண்டுதான். அதற்கு ஆகும் செலவும் ஒன்றுமில்லை.

ஸ்பிரிங்

ஸ்பிரிங்கின் கடினத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் கம்பித் தடிமனுக்குத்தான் பலம் அதிகம். அது 10 சதவீதம் கூடினால் கடினம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்பிரிங்குகள் பாறையில் வேறு வேறாக நடந்துகொள்வது இதனால்தான்.

ஷாக்கின் மேலுள்ள வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டிதான் மேலே எழும். எழுந்த அளவுக்குத் தொங்கல் குறையும். வண்டி தாழ்ந்து தரை தட்டுகிறது, வளையத்தையும் பாதிக்குமேல் இறுக்கியாகிவிட்டது என்றால் அடுத்த கடின ஸ்பிரிங்கைப் போடுங்கள்.

முன்னால் மென்மை, பின்னால் தாங்கும் எடையோடு ஒப்பிட்டால் சற்றே கடினம் என்று தொடங்குங்கள். ஏற்றத்தில் பின்பக்கம் குந்திவிடாமல் இருக்க அந்தக் கடினம் வேண்டும்.

அடுத்து ஒரு சோதனை. வண்டியின் மூக்கைச் சுவரில் முட்டவைத்து, மெல்ல திராட்டில் கொடுங்கள். மோட்டார் டிரைவ் ஷாஃப்டைத் திருக, அதன் எதிர்விசையில் சேசிஸ் ஒரு பக்கம் சாயும். ஏற்றத்தில் எப்போதும் ஒரே முன் டயர் மட்டும் தூக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான் காரணம். எந்தப் பக்கம் அழுந்துகிறதோ அந்தப் பக்கத்துப் பின் ஷாக்கில் மட்டும் வளையத்தை ஒரு சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். டி.ஆர்.எக்ஸ்-4 போல போர்ட்டல் ஆக்சில் உள்ள வண்டிகளில் பல்சக்கரக் குறைப்பின் ஒரு பகுதி சக்கரத்தருகே நடக்கிறது. அதனால் டிரைவ் ஷாஃப்டில் திருகுவிசை குறைவு, இந்தச் சாய்வும் குறைவு.

கோணம்

ஷாக் செங்குத்தாக நின்றால் ஸ்பிரிங்கின் முழு பலமும் டயருக்குப் போகும். சாய்த்தால் குறையும். 30 டிகிரி சாய்த்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினம்தான் உணரப்படும். 45 டிகிரி என்றால் பாதி. சேசிஸில் வரிசையாக இருக்கும் துளைகள் இதற்காகத்தான். புது ஸ்பிரிங் வாங்கும் முன் அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் உயரமும் தொங்கலும் மாறும், அதனால் மறுபடி அளக்க வேண்டும்.

ஆயில் நிரப்புவது

ஆர்.சி. ஷாக்கில் சிலிக்கான் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் கிடக்கும் தையல் மெஷின் எண்ணெயோ, பைக்கின் ஃபோர்க் ஆயிலோ வேண்டாம். சிலிக்கான் ரப்பர் ஓ-ரிங்கைப் பெட்ரோலிய எண்ணெய் ஊதிப் பெருக்கவைத்துவிடும். பாட்டிலில் இருக்கும் ‘வெயிட்’ எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ‘சென்டிஸ்டோக்’ எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டீம் அசோசியேட்டட் ஆயிலில் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக். அங்கே தொடங்கினால் தவறாது. வெயிலில் கொதிக்கும் பாறையில் ஓட்டும்போது ஆயில் இளகும், அப்போது ஒரு படி கெட்டியானதுக்குப் போகலாம்.

ஷாக்கைச் செங்குத்தாகப் பிடித்து, ஷாஃப்டை முழுசாக வெளியே இழுத்துவிட்டு, விளிம்பு வரை ஊற்றுங்கள். ஷாஃப்டை மெல்ல மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். பிஸ்டன் துளைகள் வழியாகக் கடுகு கடுகாகக் குமிழ்கள் கிளம்பி வரும். வேகமாக நகர்த்தினால் குமிழ் உடைந்து நுரையாகி ஆயில் வெளுத்துவிடும், தெளியவே நேரம் பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வரும்போது ஆயில் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். குறைந்ததை நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, ஷாஃப்டை முழுசாக உள்ளே தள்ளுங்கள். மிகுதி ஆயில் விளிம்பில் வழியும். துடைத்துக்கொண்டு, ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போதே மூடியை இறுக்குங்கள்.

ஸ்பிரிங் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஷாஃப்டை உள்ளே தள்ளிக் கையை எடுங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும். தானாக வெளியே வந்தால் ஆயில் அதிகம், உள்ளே அடைபட்ட அழுத்தம் இன்னொரு ஸ்பிரிங்போல வேலை செய்கிறது என்று அர்த்தம். மூடியைத் திறந்து மீண்டும் செய்யுங்கள். இடதும் வலதும் கையில் ஒரே மாதிரி உணரும்வரை விடாதீர்கள். உள்ளே பை வைத்த ஷாக்குகளில் மூடும் முறை கொஞ்சம் வேறு, அதற்குக் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

கீழ்க் கண்ணைத் திருகி மாட்டும்போது ஷாஃப்டை வெறும் இடுக்கியால் பிடிக்காதீர்கள். என் முதல் வண்டியில் நான் செய்தது அதுதான். நகத்தால் தடவினால் மட்டுமே தெரிகிற ஒரு கீறல். ஒவ்வொரு முறை ஷாஃப்ட் உள்ளே போகும்போதும் அது ஓ-ரிங்கை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்த்து, ஒரே வாரத்தில் ஷாக் ஒழுகத் தொடங்கிவிட்டது. பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்தால் போதும்.

பாறையில்

ஒரே ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு செங்குத்து, ஒரு பக்கச் சரிவு, டயர் பாதி உயரத்துக்கு ஒரு படி இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள், எங்கே நின்றது என்பதை நோட்டில் எழுதிவையுங்கள். செங்குத்தில் மல்லாந்தால் முன் தொங்கலைக் குறையுங்கள். பக்கச் சரிவில் உருண்டால் முதலில் உயரத்தைக் குறையுங்கள், பிறகுதான் ஸ்பிரிங். படியிலிருந்து இறங்கும்போது வண்டி இரண்டு மூன்று முறை துள்ளினால் ஆயில் மெல்லியது. படி இறங்கிய பின் டயர் பள்ளத்தைத் தேடித் தாமதமாக இறங்கினால் ஆயில் கெட்டி.

வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்டை உலர்ந்த துணியால் துடைத்து, கீழ் மூடியின் ஓரத்தில் ஒட்டிய மணலைப் பழைய பல் துலக்கியால் தட்டிவிடுங்கள். துடைத்த துணியில் ஆயில் பிசுக்கு தெரிந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன் அந்த ஒரு ஷாக்கைப் பிரித்து ஓ-ரிங்கைப் பாருங்கள்.